காற்று கிழித்த சதுரம்

ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்திவிட்டால் கை கறுக்காது என்றா அக்கா நினைக்கிறீர்கள்?

சாத்துங்கள், சாத்துங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. தூசி வராது, முடி கலையாது. ஆனால் வெயில் வரும். முழுசாக வராது, கொஞ்சத்தைக் கண்ணாடி நிறுத்திவிடும். மிச்சம் சத்தமில்லாமல் உள்ளே வந்து உங்கள் கைமேல் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் மச்சாண்டாரைப் பார்த்தால் தெரியும். மச்சாண்டார் என்றால் என் வீட்டுக்காரருக்கு அண்ணன், பெயர் மாதேஷ். ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் கார் ஓட்டுவார். வலது கை ஒரு நிறம், இடது கை ஒரு நிறம். இரண்டு ஆளிடம் கடன் வாங்கிய கை மாதிரி இருக்கும்.

இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? இதோ, மடியில் துண்டு சுற்றி வைத்திருக்கிறேனே, இதுதான் காரணம். தேன்கனிக்கோட்டையில் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார், என்னம்மா இது, கரும்புக்கட்டா என்று. இல்லை அண்ணா, வெயில் என்றேன். டிக்கெட் போடணுமா என்றார். நல்ல மனுஷர்.

உள்ளே இருப்பதெல்லாம் ஷீட் துண்டு. பாலிஹவுஸுக்கு மேலே போர்த்துகிற ஷீட். ஓசூரில் போய் இன்றைக்கு எது வேண்டும் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். நான் சொல்ல வேண்டும் அக்கா, நான். எங்கள் மாமனார் இல்லை, மச்சாண்டார் இல்லை. காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இவளுக்குக் கொலுசு போட்டிருக்கிற லட்சணத்தைப் பாருங்கள். இரண்டையும் இடது கால்லேயே மாட்டியிருக்கிறேன். என் மகள் தர்ஷிகா. தூங்கட்டும். விழித்தால் உங்கள் வளையலைக் கழற்றித் தரச் சொல்வாள், கொடுத்துவிடாதீர்கள், திரும்ப வராது.

ஓசூர் வர இன்னும் நேரம் இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

எங்களுக்கு ஒரு பாலிஹவுஸ் இருக்கிறது, குழாய் நட்டு மேலே ஷீட் போர்த்தி உள்ளே பயிர் வைக்கிற கூடாரம். பெரிசு ஒன்றும் இல்லை. மாதேஷ் மச்சாண்டாருடையது பக்கத்திலேயே இருக்கிறது, அதுதான் பெரிசு. மேலே பாலிகார்பனேட், கெட்டியான பலகை மாதிரி, தூரத்திலிருந்து பார்த்தால் ஏரோப்ளேன் வந்து நிற்கிற இடம் மாதிரி மின்னும். உள்ளே குடைமிளகாய். நன்றாகத்தான் வருகிறது. எனக்குப் பொறாமை எல்லாம் கிடையாது. எங்களுடையதைவிடப் பதினோரு அடி நீளம் கூட, அவ்வளவுதான். தற்செயலாக ஒரு நாள் அளந்து பார்த்தேன்.

எங்களுடையதற்கு மேலே சாதா ஷீட், பால் நிறத்தில். அதற்குள் நான் லெட்டூஸ் போடுகிறேன். தெரியுமா? முட்டைக்கோஸுக்குச் சித்தி மகள் மாதிரி ஒரு கீரை. உருண்டு மூடிக்கொள்ளாது, பாவாடைக் கரை மாதிரி சுருள் சுருளாக விரிந்து நிற்கும். சமைக்க மாட்டார்கள், அப்படியே தின்கிறார்கள். நானும் ஒரு இலை தின்று பார்த்தேன். மழைத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. ஆனால் பெங்களூரில் ஒரு ஹோட்டல் மேடம் அதைத்தான் கேட்டார். அதிலும் பச்சை இல்லை, சிவப்பு. பீட்ரூட் சாறு கொட்டின மாதிரி கருஞ்சிவப்பு. போட்டோ அனுப்பினார். இதே நிறம் வேண்டும், வாராவாரம் வேண்டும் என்றார். நான் வாயெல்லாம் பல்லாக, ஆகட்டும் மேடம் என்றேன்.

விதை வாங்கி, நாற்று விட்டு, நட்டு, தண்ணீர் கட்டி, என் மகளைப் பார்த்ததைவிட அதைத்தான் பார்த்தேன். வளர்ந்தது அக்கா. கொழுகொழுவென்று வளர்ந்தது. பச்சையாக.

பச்சை என்றால் என்ன பச்சை, கிளிப்பச்சை. ஓரத்தில் மட்டும் வெட்கப்பட்ட மாதிரி லேசாக ஒரு ரோஸ். இன்னும் நாலு நாள் போனால் சிவக்கும், இன்னும் நாலு நாள் போனால் சிவக்கும் என்று விட்டுப் பார்த்தேன். தண்டு முற்றியதுதான் மிச்சம். அனுப்பினேன். மேடம் போன் போட்டார். நான் அனுப்பின போட்டோ என்ன, நீங்கள் அனுப்பின இலை என்ன, உங்கள் ஊரில் இதுதான் சிவப்பா என்று கேட்டார். அடுத்த தடவையும் இப்படி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

வீட்டில் பஞ்சாயத்து. மாதேஷ் மச்சாண்டார் விதை டூப்ளிகேட் என்றார். அவர் பெண்டாட்டி, என் ஓரகத்தி, உரம் போதவில்லை என்றாள். எங்கள் மாமனார் திம்மராயன், அவர் இலையைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார். நிலம் அவர் பெயரில் இருக்கிறது, அவர் வைத்ததுதான் சட்டம்.

“இன்னொரு தபா பச்சையா வந்துச்சுன்னா கொட்டாயை மாதேஷு கையில குடுத்துரு. அவன் மொளகா போட்டுக்குவான். நீ மாட்டைப் பாரு” என்றார்.

பாலிஹவுஸைக் கொட்டாய் என்றுதான் சொல்வார். அது போகட்டும். மாட்டைப் பார்க்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மாடு நல்ல மாடு. ஆனால் அந்த பாலிஹவுஸ் என்னுடையது அக்கா. கல்யாணம் ஆனதிலிருந்து நான் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். புடவை கேட்கவில்லை, தோடு கேட்கவில்லை. அதற்குள் போய் நின்றால்தான் எனக்கு நான் யாரென்று ஞாபகம் வரும்.

இவர் பக்கத்தில்தான் நின்றார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், முனிராஜ். ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே, அப்பா, அவள் இன்னொரு தடவை பார்க்கட்டும் என்று? “ம்” என்றார். அவருக்கு அது ஒன்றுதான் வரும். ஆமாம் என்றாலும் ம், இல்லை என்றாலும் ம், பசித்தாலும் ம். பெண் பார்க்க வந்தபோதே பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு ம் என்றுதான் சொன்னார். எங்கள் அப்பா பாவம் அதை நம்பிக் கல்யாணம் செய்துவைத்தார். எனக்காக அவர் யாரிடமும் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, லெட்டூஸுக்கு வருகிறேன். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். நாற்றுத் தட்டு தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு நாற்று தவறி விழுந்து, தொட்டி ஓரத்தில் தானாகவே வேர் பிடித்திருக்கிறது. பாலிஹவுஸுக்கு வெளியே, வெட்டவெளியில். அது எப்படி இருந்தது தெரியுமா? வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்து கிடந்தது. அதே விதை, அதே தட்டு. உரம் போட ஆள் இல்லை, தண்ணீர் கட்ட ஆள் இல்லை. நான் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். விதை மேலே குற்றம் இல்லை, என் கை மேலேயும் இல்லை. மேலே அண்ணாந்து பார்த்தேன். குற்றவாளி மேலே போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான்.

நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வரைக்கும் படித்தேன். புற ஊதாக் கதிர் என்று ஒரு பாடம் வரும், இரண்டு மார்க் கேள்வி. வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பங்கு இருக்கிறது, அது பட்டால் தோல் கறுக்கும் என்று மனப்பாடம் செய்து எழுதினேன். மார்க்கு வாங்கினேன், மறந்தேன். தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தபோது அது எழுந்து வந்தது. நமக்கு வெயில் பட்டால் கறுக்கிறதே, அந்த மாதிரி இந்த இலைக்கு வெயில் பட்டால் சிவப்பு வருகிறது. கறுக்காமல் இருக்க நாம் முக்காடு போடுகிறோம். நான் இலைக்கும் முக்காடு போட்டுவிட்டுச் சிவக்கவில்லையே என்று அழுதுகொண்டிருக்கிறேன்.

எப்படியும் எங்கள் ஷீட் பழசாகி மாற்ற வேண்டிய நேரம். மாமனாரும் மச்சாண்டாரும் பாலிகார்பனேட் என்று முடிவே செய்துவிட்டார்கள், நாளைக்கு மிளகாய்க்கும் ஆகும் என்று. நான் இவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓசூர் ஷீட் கடைக்குப் போனேன். புற ஊதாவை உள்ளே விடுகிற ஷீட் இருக்கிறதா என்றேன். கடைக்காரருக்குப் புற ஊதா புரியவில்லை. அப்புறம் புரிந்தது. யூவியா, அதைத் தடுக்கத்தானேம்மா எல்லாரும் வருகிறார்கள் என்றார். கொசுவலைக் கடைக்குப் போய், கொசு உள்ளே வருகிற வலை இருக்கிறதா என்று கேட்டவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஆனால் பொறுமையாகச் சொன்னார், குறை சொல்லக்கூடாது. நம் பக்கம் எல்லாரும் ரோஜாக்காரர்கள். சிவப்பு ரோஜாவுக்கு அந்த வெயில் பட்டால் இதழ் ஓரம் கருகிவிடும், அதனால் தடுக்கிற ஷீட்தான் எல்லாருக்கும் போகிறது. உங்கள் பாலிஹவுஸ் மேலே இருப்பதும் அதுதான் என்றார். பாலிகார்பனேட் அதற்கும் மேலே, வருஷக்கணக்காக உழைக்கும், ஆனால் அந்த வெயிலை வாசலிலேயே நிறுத்திவிடும். கண்ணாடி பாதி விடும், பாதி விடாது. ஆனால் எங்கள் குழாய்ச் சட்டம் அந்தக் கனத்தைத் தாங்காது, ஆலங்கட்டி விழுந்தால் உள்ளே போகிறவளுக்குத் தலையில் ஹெல்மெட் வேண்டும். அக்ரிலிக்கில் உள்ளே விடுகிற ரகம் உண்டு, பலகையாக வரும், எங்கள் வளைந்த கூரைக்குச் சரிப்படாது. அப்புறம் மேல் பரணிலிருந்து ஒரு ஷீட் எடுத்தார். தெளிவான ஷீட், பார்த்தால் அந்தப் பக்கம் அவர் மூக்கு தெரிந்தது. இது உள்ளே விடும், ஆனால் வெள்ளை ஈயும் கொஞ்சம் கூட வரும், பக்கத்துக்கு வலையை நன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்.

அவர் வாயால் சொல்லிவிட்டார், சரி. ஒரு தடவை ஷீட் போட்டால் மூன்று நாலு வருஷத்துக்கு மாற்ற முடியாது. தப்பாகப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து அழ முடியுமா? கண்ணுக்குத் தெரியாத வெயில் உள்ளே வருகிறதா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது?

உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே? அப்போது உங்களுக்கே தெரியும். பருப்பு சாதம் ஊட்டினால் சட்டையெல்லாம் மஞ்சள் கறை. சோப்பு போட்டால் போகிறதா? போகாது, சிவந்து காட்டும். அலசி வெயிலில் போட்டால் சாயங்காலத்துக்குள் கறையைக் காணோம். மஞ்சளை வெயில் தின்றுவிடும். அப்போது எந்த ஷீட்டுக்குக் கீழே மஞ்சள் சீக்கிரம் போகிறதோ, அந்த ஷீட் வெயிலை ஒழுங்காக விடுகிறது. இவளுடைய பழைய துண்டு ஒன்றைக் கிழித்தேன், மஞ்சள் கரைத்து முக்கினேன், தொட்டி மூடி மேலே வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஷீட் துண்டு வைத்து, நாலு பக்கமும் கல் வைத்தேன். ஒன்றை மட்டும் சும்மா வெயிலில் விட்டேன்.

இவர் வந்தார். பார்த்தார். என்ன என்று வாயால் கேட்கவில்லை, புருவத்தால் கேட்டார். எல்லாம் விளக்கிச் சொன்னேன், புற ஊதாவிலிருந்து பருப்பு சாதம் வரைக்கும். ரொம்ப நேரம் நின்று கேட்டார். கடைசியில் அதிசயமாக ஒரு கேள்வி கேட்டார்.

“அப்போ, மேல ஷீட்டே இல்லாம இருந்தா?”

“மொத்தமும் செவந்துரும்” என்றேன்.

“ம்” என்று போய்விட்டார். இந்த மனுஷனிடம் சொல்வதற்கு மாட்டிடம் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது நாளே வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. வெட்டவெளியில் கிடந்த துணி வெளுத்துவிட்டது. தெளிவு ஷீட்டுக்குக் கீழே அதற்கு அடுத்தபடி. பாலிகார்பனேட்டுக்குக் கீழே மஞ்சள் அப்படியே மாப்பிள்ளை வேட்டி ஓரம் மாதிரி இருந்தது. நான் சந்தோஷத்தில், சாயங்காலம் எல்லாரையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டலாம் என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

திரும்பி வந்தால் தொட்டியைச் சுற்றிக் கூட்டம்.

மாமனார் பார்த்திருக்கிறார். மஞ்சள் துணி, வரிசையாக, நாலு மூலையிலும் கல். அவர் என்ன நினைப்பார், சொல்லுங்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பூசாரி கெம்பண்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இதனால்தான் கீரை சிவக்காமல் நிற்கிறது, யாரோ கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்கிறார். நான்தான் வைத்தேன் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஓரகத்தி, எந்தக் கட்டையில் போகிறவள் வைத்தாளோ என்றாள். வாயை மூடிக்கொண்டேன். மாமனாருக்கே செய்வினை வைத்த மருமகள் என்று பெயர் வந்தால் இவளுக்கு நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?

கெம்பண்ணன் கட்டை அவிழ்க்கிறேன் என்று மந்திரம் சொல்லிக்கொண்டே சொம்பிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்தார். மஞ்சள் மேலே சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும்? நாம் தினம் ஆரத்தி கரைக்கிறவர்கள், நமக்குத் தெரியும். துணியெல்லாம் ரத்தச் சிவப்பு. கெம்பண்ணன் சொம்பைப் போட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் குதித்தார் அக்கா, சத்தியமாக. அவரே இத்தனை நாளாக அவர் மந்திரத்தை நம்பவில்லை போலிருக்கிறது. மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாதேஷ் மச்சாண்டார் மட்டும் துணியை உற்று உற்றுப் பார்த்தார், அவர் கொஞ்சம் விவரமானவர். இவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று, தோள் குலுங்க இருமிக்கொண்டிருந்தார். தூசி போலிருக்கிறது.

துணி, ஷீட், கல் எல்லாவற்றையும் கொண்டுபோய் ஓடையில் போட்டார்கள். என் பரீட்சை அதோடு முடிந்தது. நல்லவேளை, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வீட்டில் தனியாக வைத்திருந்தேன், அதுதான் இந்த மடியில் இருப்பது. ஆனால் யாரிடம் காட்டுவது? மாமனார் இன்னும் உறுதியாகிவிட்டார். அடுத்த வாரம் ஆள் வந்து பாலிகார்பனேட்டுக்கு அளவு எடுக்கட்டும் என்றார். உள்ளே இரண்டாவது போகம் கிளிப்பச்சையாக நிமிர்ந்து நிற்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி இவரிடம், நீங்களாவது உங்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். ம் என்றார். அன்றைக்கு அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவருக்கு அது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அப்புறம்தான் அக்கா, காற்று அடித்தது.

எப்போது அடித்தது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. அந்த வாரம் பூராவும் தோட்டத்தில் ஒரு தென்னை ஓலை ஆடவில்லை, மின்விசிறி இல்லாமல் உட்கார முடியவில்லை. நான் மனசு கெட்டுப்போய் பாலிஹவுஸ் பக்கமே போகவில்லை. இவர்தான் தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். என்ன என்று கேட்கக் கூடாது என்று இருந்தேன், பேச்சு வார்த்தை இல்லையே. ஆனாலும் ரத்தத்தைப் பார்த்தால் மனசு கேட்கிறதா? கேட்டேன். ரோஜா முள் என்றார். எங்கள் தோட்டத்தில் ரோஜாவே கிடையாது. எங்கே போய்க் குத்திக்கொண்டு வந்தாரோ, மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன்.

அந்த வாரம் இவள் வேறு ஒரே பாட்டு, அப்பா ஏணி, அப்பா ஏணி என்று. அங்கன்வாடியில் எழுத்து சொல்லிக்கொடுக்கிறார்கள். அ, அப்பா. ஏ, ஏணி. எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாள் பாருங்கள், டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

ஆறேழு நாள் கழித்துத்தான் உள்ளே போனேன். கடைசிப் பாத்தி, அந்தக் கோடி, மச்சாண்டாரோ மாமனாரோ எட்டிப் பார்க்காத மூலை. அங்கே போனதும் எனக்கு முதலில் புரியவில்லை. பச்சைக்கு நடுவில் யாரோ சிவப்புக் கம்பளத்தை விரித்துப் போட்ட மாதிரி இருந்தது. சதுரமாக. கேரம் போர்டு மாதிரி சதுரமாக அக்கா, உள்ளே இருப்பதெல்லாம் சிவப்பு, கோட்டுக்கு வெளியே எல்லாம் பச்சை. மேலே பார்த்தேன். ஷீட்டில் ஓட்டை. அதுவும் சதுரம்.

காற்று கிழித்திருக்கிறது. காற்றுக்கு என்ன அறிவு பாருங்கள்! வேறு எங்கேயும் ஒரு கீறல் இல்லை. நாலு ஓரமும் நூல் பிடித்த மாதிரி நேராக, மேற்கொண்டு கிழியாமல் இருக்க நாலு பக்கமும் வெள்ளி டேப் ஒட்டியிருந்தது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டேப் யார் ஒட்டியது என்றேன். நான்தான், இன்னும் கிழியக் கூடாதே என்று ஒட்டினேன் என்றார். இவ்வளவு பெரிய ஓட்டை எப்படி என்றேன்.

“காத்து” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பார்த்தும் பார்க்காத மாதிரி டேப் மட்டும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார், கீழே இலை சிவந்திருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. இப்படி ஒரு மனுஷன். நான் சந்தோஷத்தில் அவர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பேசக் கூடாது என்று இருந்தது மறந்தே போனது.

மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்தேன், மச்சாண்டாரும் வந்தார். மாமனார் கீழே பார்த்தார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மேலே பார்த்தார், கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி. மச்சாண்டார் ஓட்டையின் ஓரத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், இவர் விரல் கட்டைப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டார். ஏதோ சொல்லப் போகிறார், காரியத்தைக் கெடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: “காத்துதாம்ப்பா. பலத்த காத்து.” பொறாமையில் நான் அவரை என்னென்னவோ நினைத்திருக்கிறேன். பொறாமை இல்லை, சும்மா ஒரு இது.

மாமனார் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“கெம்பண்ணன் அன்னைக்கு அவுத்த கட்டு. இந்த வழியாத்தான் வெளிய போயிருக்குது. போற வேகத்துல கிழிச்சிக்கினு போயிருக்குது” என்றார்.

புற ஊதாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

“மேல பலகை எல்லாம் வாணாம். மறுபடி ஏதாச்சும் உள்ள பூந்தா போறதுக்கு வழி தெரியணும். வானம் தெரியற மாதிரி ஷீட்டா பாத்துப் போடு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார் அக்கா. என்னை. “நீயே போயி எதுன்னு சொல்லிட்டு வா.”

அந்தச் சதுரத்தில் இருந்ததை மட்டும் பறித்து ஹோட்டல் மேடத்துக்கு அனுப்பினேன். இதுதான், இதேதான், மொத்தமும் இப்படியே வரட்டும் என்று போன் போட்டார். இதோ ஒரு இலை, ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கடைக்காரருக்குக் காட்டத்தான். தொட்டுப் பாருங்கள். எப்படி? அதுதான் அக்கா காலையிலிருந்து இந்தச் சிரிப்பு. யார் பேசாவிட்டால் என்ன, கட்டின புருஷன் பேசாவிட்டால் என்ன, எனக்காகக் காற்று வந்து பேசியதே.

ஏன் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறீர்கள்? பஸ் வாடை ஒத்துக்கொள்ளவில்லையா? எலுமிச்சம்பழம் இருக்கிறது, தரட்டுமா?

இருங்கள், போன். இவரா? இவர் போன் பண்ணுகிற ஆளே கிடையாதே. மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? கை இரண்டும் காலியில்லை, ஸ்பீக்கரில் போடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

“எங்க இருக்க?”

“மத்திகிரி தாண்டியாச்சு. ஏங்க, என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. பாப்பா தூங்குதா?”

“தூங்குறா. இதைக் கேக்கவா போன் பண்ணீங்க?”

“ம். அந்தத் தெளிவு ஷீட்டையே சொல்லிடு. யாரு என்ன சொன்னாலும் மாத்தாத.”

“மாத்த மாட்டேன். வேற?”

“வரும்போது கட்டர் கத்திக்கு ஒரு பிளேடு வாங்கிட்டு வா. அந்த ஷீட்டை அறுத்ததுல பழசு மொக்கையாயிடுச்சு.”

வைத்துவிட்டார்.

ஷீட்டை அறுத்ததிலா? எந்த ஷீட்டை? எங்கள் வீட்டில் யாரும் எந்த ஷீட்டையும்...

ரோஜா முள் என்றாரே அக்கா.

ஏணி என்றாளே இவள்.

நீங்கள் அப்போதிருந்தே இதற்குத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறீர்களா? அடப் பாவி மனுஷா. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன.

எனக்கு ஒன்றுமில்லை அக்கா. கண்ணில் தூசி. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளிவிடுங்கள். காற்று வரட்டும்.